சூலையும் தமக்கையார் வேண்டுகோளும்

துன்பம் மிக்குழி இறைவனை நினைத்தல் உயிர்கட்கு இயல்பு. அந்நினைவு பயன் கருதிய வாணிகமேயன்றி அன்பாகாதென்று கூறுவாரும் உளர். அக்கூற்றின் பொருத்தத்தை ஆராய்தற்குத் திருநாவுக்கரசு நாயனார் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மக்களாய்த் திலகவதியாரும் மருணீக்கியாரும் தோன்றினர். தந்தையார் நோயால் இறந்தார். தாயாரும் உடன் உயிர் நீத்தார். திலகவதியாரை மணத்தற்கிருந்த கலிப்பகையார் போரிற் பட்டார். இறக்கத் துணிந்த அம்மையார் தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். ஓரில்லத்து வந்த துன்பம் இருவரையும் இருவேறு வழியிற் செலுத்திற்று. நிலையாமை கண்ட தம்பியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார். பின்னர் மெய்ப்பொருளை நூல்வழித் தேடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிற் புகுந்து தருமசேனர் ஆயினார். தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல், திருமாலை தொடுத்தல் என்னும் கைத்தொண்டுகளில் நின்றார்.

பாடலிபுத்திரம் என்பது இக்காலத்துத் திருப்பாதிரிப்புலியூர். அங்குச் சமணக் கல்வி தழைத்திருந்தமை புராணத்தால் மாத்திரம் அறியப்படுவதன்று. உலோகவிபாகம் என்னும் சமண நூல், காஞ்சி மன்னர் சிம்மவர்மரது 22ஆம் ஆட்சியாண்டாகிய சகம் 380இல், அஃதாவது கி.பி. 458இல், பாடலிகம் என்னும் ஊரில் எழுதப்பெற்றது. பாடலிகமும் பாடலிபுத்திரமும் ஒன்றேயென்பது ஆராய்ச்சியாளர் துணிபு. நாயனார் காலமோ கி.பி. 7ஆம் நூற்றாண்டு. ஆகவே தருமசேனர் தலைமை பெற்றது நெடுநாட் கல்விப் பெருமையுடைய இடத்திலாம். அத்தகைய கல்வியும் தலைமையும் சூலைநோய் வந்துற்ற காலத்துத் துணையாகவில்லை. மந்திரமும் மருந்தும் பயன்படாதொழிய, அவர் தமக்கையாருக்கு ஆளனுப்பினார். அம்மையார் பள்ளிக்கு வர உடன்பட்டிலர். அவர் தாமே இரவில் திருவதிகை சென்று தமக்கையார் அடிகளில் வீழ்ந்தார். அம்மையார் திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். ஆண்டு முதற்றிருப்பதிகம் பிறந்தது, சூலையும் நீங்கிற்று.

ஈண்டுச் சேக்கிழார் பெருமான் முன்னரே வைத்துள்ள ஒரு செய்தி உய்த்துணரற்பாலது. தம்பியை ஆண்டருள வேண்டுமென்று அம்மையார் பலகால் விண்ணப்பித்தனர்; சூலை மடுத்து ஆள்வோமென இறைவன் கனவில் அருளினான். எனவே தருமசேனர் துன்பத்தால் இறைவனை நோக்கினாரெனினும், அதற்கு முன்னரே இறைவன் அவரை நோக்கியிருந்தான். சூலை வினைப்பயனாய் நின்றதேனும், அதனை ஊட்டிய குறிப்பு அருளேயாம். இதனையே மறக்கருணையென்பர் நம்மனோர்.

இனி, வாணிகமாயின் பயன் பெற்றவுடன் அது முடிதல் வேண்டும். நாயனார்பால் அவ்வாறு நிகழ்ந்ததின்று. நோய் நீங்கிய பின்னரே நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு கடலில் இடுதலும் வந்தன. ஒன்றினும் அவர் நெஞ்சங் கலங்கிற்றிலர். தமக்கையார் திருவலகு பிடித்ததுபோல அவர் உழவாரம் பிடித்தார். திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெங்கும் பொன்னும் மணியும் தோன்றியபோது, அவற்றைப் பரற்கற்களோடு ஒப்ப வாவியில் எறிந்தார்.

ஆதலால் துன்பத்தில் எழும் முறையீட்டை இழிந்ததென்று எவரும் தம்மையோ பிறரையோ இகழ்தல் தகாது. அம்முறையீடு வாயில், அதனுட் புக்கார் ஆண்டே நிலைத்தலே அன்பாம். துன்புற்றார்க்கு ஒன்றும் செய்யமாட்டாதார் திலகவதியாரைப்போல வேண்டிநிற்றலும் பெருந்தொண்டாமென்க.

திருச்சிற்றம்பலம்.