கிட்டியும் கில்லியும்

தரணி இயக்கிய ‘கில்லி’ 2004 ஏப்ரலில் வெளிவந்தது. விஜய் அதில் கபடி ஆட்டக்காரர். கதையிலும் கபடிக்கு முக்கிய இடம் உண்டு. விளையாட்டு ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அதற்குள் ‘கில்லி’ என்ற சொல் வேறோர் ஆட்டத்தின் குச்சியை விட்டு ஆளிடம் வந்து சேர்ந்திருந்தது. ‘பைக் ரிப்பேரில் அவன் கில்லி’, ‘கணக்கில் பொண்ணு கில்லி’ என்கிறோம். 2024 ஏப்ரலில் படம் மறுபடி திரைக்கு வந்தபோது விசிலடித்த பிள்ளைகளில் பலருக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. ஒரு தலைமுறைக்குள் ஒரு பொருள் மறைந்து அதன் புகழ் மட்டும் நின்றுவிட்டது.

ஜவ்வாது மலையடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றையொட்டி இருக்கும் ஒடுகத்தூரில், நடுவயதைத் தாண்டிய ஆண்களிடம் அந்தப் பொருளைப் பற்றிக் கேட்டால் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளவு காட்டுவார்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான குச்சி, இரண்டு முனையும் கூராகச் சீவியது; அது கில்லி. முழத்துக்கு மேற்பட்ட கோல், தாண்டு. தரையில் சிறு பள்ளம் பறித்து, குறுக்கே கில்லியை வைத்துக் கோலால் கெந்தி எறிவது தொடக்கம். எதிரணி அதைப் பிடித்தால் அவுட். பிடிக்காவிட்டால் விழுந்த இடத்திலிருந்து, பள்ளத்தின்மேல் கிடத்திய கோலைக் குறிபார்த்து எறிவார்கள்; பட்டாலும் அவுட். தப்பியவன் கில்லியின் கூர்முனையைத் தட்டுவான். அது துள்ளும், தரைக்கு வருமுன் ஓங்கி அடிப்பான்.

அடித்த தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு ‘இத்தனை கோல்’ என்று கேட்பதும் உண்டு. எதிரணிக்கு நம்பிக்கை இல்லையென்றால் அளந்து பார்க்கலாம். கேட்டது கூடுதலாகிவிட்டால் கேட்டவனுக்கு நஷ்டம். தோற்ற பக்கம் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓட வேண்டும். நடுவரும் கிடையாது, காசும் கிடையாது. சண்டையை மூட்டுவதும் தீர்ப்பதும் பிள்ளைகள் பாடு.

இதே ஆட்டம் தமிழ் வழங்கும் இடங்களிலெல்லாம் வேறு வேறு பெயரில் திரிகிறது. யாழ்ப்பாணத்தில் கிட்டிப்புள். தமிழகத்தின் மேற்கிலும் தெற்கிலும் சில்லாங்குச்சு, செல்லாங்குச்சி, சிங்காங்குச்சி. கிட்டிப்புள்ளில் வரும் ‘புள்’ என்றால் பறவை. அடிபட்டுப் பறக்கும் சிறு குச்சிக்கும் அதே பெயர். எல்லை தாண்டினால் தெலுங்கில் பில்லங்கோடு, கன்னடத்தில் சின்னி தாண்டு, மலையாளத்தில் குட்டியும் கோலும். இந்தியிலும் உருதுவிலும் கில்லி டண்டா, குல்லி டண்டா.

வேலூர் வட்டாரத்துப் பாலாற்றங்கரைப் பிள்ளைகள் இந்த வரிசையில் வடக்குப் பெயரை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் என்று தோல் வணிகம் வளர்ந்த ஊர்களெல்லாம் உருது பேசும் ஊர்களும்கூட. ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு விற்கிறவரும், தோல் மண்டிக்காரரும், கறிக்கடைக்காரரும் ஒரே பேச்சில் இரண்டு மூன்று மொழியைக் கலப்பார்கள். தெலுங்குக்கும் இங்கே பழைய உறவு: 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டோடுதான் இருந்தது. தாய்மொழி எதுவானாலும் கொல்லையில் இறங்கிவிட்டால் கில்லி கில்லிதான்.

சொல்லாராய்ச்சிக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. தமிழ்ச் சொற்களின் வேரைத் தோண்டுவதையே வாழ்வாகக் கொண்ட தேவநேயப் பாவாணர் (1902–1981), சிறுவயதில் பெற்றோரை இழந்து அக்காவின் ஆதரவில் ஆம்பூரில் வளர்ந்தவர்; அங்கே லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்து, பிறகு அவ்வூரிலேயே தமிழாசிரியராகவும் இருந்தவர். ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்ற அவருடைய நூல் 1954இல் வந்தது. சில்லாங்குச்சு அதில் உண்டு. பாவாணர் ஆட்டங்களை வகுத்த முறைதான் இன்று நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது: ஆண்பாலார் ஆடுவன, பெண்பாலார் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன, அவற்றுக்குள் பகலாட்டு, இரவாட்டு. நிலா வெளிச்சத்தில் தெருவில் ஆடுவதற்கென்றே ஒரு தொகுதி ஆட்டங்கள் அன்று இருந்தன. கில்லியின் இடம் ஆண்பிள்ளைகளின் பகலில். பெண்பிள்ளைகளுக்குத் திண்ணையில் தட்டாங்கல். அதையும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடியவர்கள் பலர்.

குச்சி வடக்கே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் ஒரு விந்தை கிடைக்கிறது. மராத்தியில் இதற்கு ‘விட்டி தாண்டு’ என்று பெயர். ஆடும்போது அங்கே எண்ணும் வரிசை வகட், லேண்ட், மூண்ட், நாள் என்று போகும். மராத்தியில் ஒன்று, இரண்டுக்கு ஏக், தோன் என்பார்கள். ஆட்டத்தில் வரும் எண்கள் தெலுங்கு ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகுவின் உருமாற்றம். பெயர் வடக்கிலிருந்து நமக்கு வந்தது. எண்கள் தெற்கிலிருந்து அவர்களுக்குப் போயின. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புலவர்கள் ஏற்பாடு செய்யவில்லை. கூலிக்கும் வியாபாரத்துக்கும் ஊர்விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகள், புது ஊரில் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டதன் தடம் அது.

மகாபாரதத்தில் குரு குலச் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தது கிணற்றில் விழ, துரோணர் எடுத்துக் கொடுக்கும் காட்சியை நாம் பந்தாட்டமாகவே படித்திருக்கிறோம். வடமொழி மூலத்தில் அங்கே வரும் சொல் ‘வீடா’. கோலால் அடித்து ஆடும் கூரிய சிறு கட்டை என்று சமஸ்கிருத அகராதி அதற்குப் பொருள் தருகிறது. மராத்தி விட்டியின் ஒலி அதில் கேட்கிறது. நேபாளத்தில் இதே ஆட்டம் ‘தண்டி பியோ’. 2017இல் கைப்பந்தை அறிவிக்கும்வரை தேசிய விளையாட்டென்று பலர் சொல்லி வந்தது அதைத்தான்.

இதுவரை சொன்னது இனிக்கிற பக்கம். கிட்டிப்புள்ளில் வரும் ‘கிட்டி’ என்ற சொல்லுக்கு நேரே அகராதியில் இன்னொரு பொருளும் இருக்கிறது: இரண்டு கோலுக்கு நடுவே கையை வைத்து நெருக்கும் தண்டனைக் கருவி. கிட்டுதல் என்றால் நெருங்குதல், இறுகுதல். பல் கிட்டிப்போவது இன்றும் நம் பேச்சில் இருக்கிறது. வரி கட்டாத குடியானவர்கள்மீது இந்தக் கிட்டி ஏவப்பட்டதை 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அப்பன் கையில் கிட்டி, பிள்ளை கையில் கிட்டி. அந்தக் காலம் எல்லாருக்கும் கவலையற்ற காலம் என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டு பொருளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் பின்னே போகவும் வேண்டாம். ‘எங்க காலத்துல’ என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் எழுபதுகளையும் எண்பதுகளையும் குறிக்கிறது. அந்த எண்பதுகளின் நடுவில், 1986இல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாத தொழில்களென்று அது போட்ட பட்டியலில் பீடி சுற்றுதல், தீப்பெட்டி, தோல் பதனிடுதல் மூன்றும் இருந்தன. வேலூர் வட்டாரத்துக்குச் சோறு போட்ட மூன்று தொழில்கள். குடும்பத்தார் சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு அந்தச் சட்டமே விலக்கும் தந்தது. பீடி சுற்றப்பட்டதோ வீட்டில்தான். கொல்லையில் கில்லி பறந்த அதே சாயங்காலத்தில், மடியில் முறத்தோடு இலை மடித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் பெரியவர்களாகி எழுதும் மலரும் நினைவுகள் நம் பத்திரிகைகளில் குறைவு.

பழைய ஆட்டத்தின் நினைவு எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதை இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் எப்போதோ கண்டுகொண்டார். ‘குல்லி டண்டா’ என்பது அவருடைய சிறுகதைகளில் ஒன்று. காவல் அதிகாரியின் மகன் பொறியாளராகி, பல ஆண்டுகள் கழித்துப் பழைய ஊருக்கு வருகிறான். சிறுவயதில் தன்னைத் தோற்கடித்த கயாவைத் தேடிப் பிடித்து ஆட அழைக்கிறான். கயா தோல் தொழில் சாதியில் பிறந்தவன், இப்போது குதிரைக்காரன். பொறியாளர் அழுகுணி ஆட்டம் ஆடுகிறார். கயா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தோற்றுப்போகிறான். மறுநாள் வேறு ஆட்களோடு கயா ஆடுவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைக்கிறது: நேற்று கயா ஆடவே இல்லை, மரியாதை செய்தான். பழைய நாளை மறுபடி ஆடிப் பார்க்க ஆசைப்பட்டவர், அந்த நாளைவிட்டு மேலே ஏறிப் போனவர். கயாவுக்கு அந்த ஏக்கம் வருவதற்குக் காரணம் இல்லை.

ஆகவே இன்றைய பிள்ளைகளைப் பார்த்து நாம் விடும் பெருமூச்சைக் கொஞ்சம் சலித்துப் பார்க்கலாம். பள்ளிக்குப் போகிறார்கள், 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை, சில விலக்குகள் நீங்கலாக, எந்தத் தொழிலிலும் கூலிக்கு அமர்த்தக் கூடாது. பெண்பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். கில்லி பட்டுக் கண் போன பிள்ளைகளின் கணக்கு கண் மருத்துவ இதழ்களில் இருக்கிறது. அந்தக் குச்சி போனதில் சில தாய்மாருக்கு நிம்மதிதான். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிச்சமாக நிற்கும் இழப்புகள் மூன்று: திறந்த வெளி, சாயங்கால நேரம், பெரியவர் தலையீடு இல்லாத சண்டை. கைப்பேசி இவற்றைப் பறித்தது என்பது பாதி உண்மை. ஏரிப் புறம்போக்கில் வீடு வந்தது, ஆற்றில் மணல் போனது, களத்துமேட்டில் கட்டடம் எழுந்தது, பள்ளி விட்டதும் டியூஷன் வேன் வந்தது. கைப்பேசி வந்தபோது இடம் ஏற்கெனவே காலியாகிவிட்டிருந்தது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ‘அந்தக் காலம் போல வருமா’ என்று திண்ணையில் சொல்லிக்கொள்வதைவிட, அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போவது பயன் தரும். கேள்வி எளியது: ஒடுகத்தூரில் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஆடுவதற்கென்று எந்தச் சர்வே எண் மிச்சம் இருக்கிறது?