புதையுண்ட தெய்வங்கள்: இலண்டனும் திருகோணமலையும்

உரோமப் பேரரசிற் பரவிக் கி.பி. நான்காம் நூற்றாண்டின் பின் மறைந்த மித்திர வழிபாட்டுக்கு மறைநூல் எதுவும் எஞ்சவில்லை. போர்வீரரும் வணிகரும் அடிமைகளும் போற்றிய அச்சமயத்தை, நிலவறைக் கோயில்கள், கல்வெட்டுகள், காளையைக் கொல்லும் மித்திரனின் சிற்பங்கள் ஆகியவற்றைக் கொண்டே நாம் அறிகின்றோம். இலண்டன் வால்புறூக்கில் 1954இல் கிறைம்ஸ் என்னும் தொல்லியலாளர் நடத்திய அகழ்வில் அத்தகைய கோயிலொன்று வெளிப்பட்டது. நான்காம் நூற்றாண்டிலே தளத்தின்கீழ்ப் புதைக்கப்பட்ட மித்திரனின் தலையும் அங்குக் கிடைத்தது.

இதற்கு நான்காண்டு முன்னர், 1950இல், திருகோணமலையிற் கிணறு தோண்டியோர் கோணேசர் கோயிலுக்குரியனவெனக் கருதப்படும் செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தனர். அக்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே துறைமுகத்தைக் காக்கும் கோட்டையை எழுப்பினர். பின்னாளிற் பிரெடரிக் கோட்டையெனப் பெயர்பெற்ற அதன் வாயிலில் இரட்டைக் கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உள.

ஒப்புமை இவ்வளவே, வேறுபாடே நம் சிந்தனைக்குரியது. மித்திரனை வணங்குவோர் இன்றில்லை. அவன் தலை அருங்காட்சியகத்தை அடைந்தது. கோணேசரை வணங்குவோர் இருந்தனர். 1963இற் கோயில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. ஆயினும், வால்புறூக்கின் மண்ணடுக்குகள் முறையாகப் பதிவாயின. திருகோணமலைத் திருமேனிகளோ தற்செயலாகக் கிடைத்தமையால், அவற்றின் காலத்தைக் கலைப்பாணி கொண்டே கணிக்க வேண்டியுள்ளது. பக்தி திருமேனியைக் காத்தது. அதன் வரலாற்றைக் காப்பது ஆய்வாளராகிய நம் கடன்.