நாற்பத்தெட்டு மடையும் நான்கு கட்டமும்

நகரம் கட்டும் கணினி விளையாட்டில் கிராமம் கட்டுகிறவர்கள் தனி ரகம். மக்கள்தொகை ஏறுகிறதா, வரி வசூலாகிறதா, சந்திப்பில் நெரிசலா என்ற கவலையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. ஒரு வயல், அதைச் சுற்றி வேலி, வேலியோரம் துருப்பிடித்த டிராக்டர், மண்பாதையில் சக்கரம் பதிந்த தடம், தடத்தின் நடுவே கொஞ்சம் புல். இப்படி ஓர் ஏக்கருக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பார்கள். 2015 மார்ச்சில் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' வெளிவந்தபோது, அதைச் செய்த பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் போக்குவரத்து நெரிசலோடு மல்லுக்கட்டும் மேயர்களுக்காகத்தான் அதைச் செய்தது. ரசிகர்கள் எழுதிய 'மூவ் இட்', 'சர்ஃபேஸ் பெயின்டர்' போன்ற மோட்கள் வந்தபிறகு அது பாதி ஓவியப் பலகையாகிவிட்டது. 2023 அக்டோபரில் இரண்டாம் பாகமும் வந்தது.

அந்தத் திரைக் கிராமத்தை இராமநாதபுரம் சீமையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. தண்டனை மாற்றலுக்குப் பெயர்போன 'தண்ணியில்லாக் காடு' என்றுதான் இந்தச் சீமையை வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். இயற்கை கைவிட்ட பொட்டல் என்பது அவர்கள் நினைப்பு. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கதை வேறு. பரமக்குடியிலிருந்து கடல்வரை பிறை பிறையாகக் கரைகள், ஒன்றன் மிச்சத்தை மற்றொன்று ஏந்தும்படி. கையால் வெட்டிக் கையால் கட்டிய நிலம் இது. இரண்டுமே மனிதர் கட்டிய நாட்டுப்புறம் என்றால், எது எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்கத்தானே வேண்டும்?

விளையாட்டில் முதலில் வருவது சாலை. சாலையைப் போட்டதும் இருபுறமும் எட்டு மீட்டர் சதுரக் கட்டங்கள் முளைக்கும்; முதல் பாகத்தில் நான்கு கட்ட ஆழம், இரண்டாம் பாகத்தில் ஆறு. கட்டத்துக்கு நிறம் பூசினால் வீடு எழும். தண்ணீர் என்பது அப்புறம் போடும் குழாய். நகரம் ஓரளவு வளர்ந்தபின் மிச்சம் கிடக்கும் வெற்று நிலத்தில்தான் கிராமக் கலைஞரின் வேலை தொடங்குகிறது. 2018-இல் வந்த 'இண்டஸ்ட்ரீஸ்' இணைப்பில் வயல் உண்டு, பழத்தோட்டம் உண்டு, மேய்ச்சல் நிலமும் உண்டு. அவையும் அளவெடுத்த செவ்வகங்களாகச் சாலையோரம் வந்து உட்காரும். இரண்டாம் பாகத்தில் வளமான மண்ணின்மேல் நாம் விரும்பிய வடிவில் எல்லை வரைந்துகொள்ளலாம். முன்னேற்றம்தான். ஆனாலும் அந்த வயலுக்கும் பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கும் ஒட்டுறவு கிடையாது.

இராமநாதபுரத்தில் வரிசை தலைகீழ். முதலில் வருவது சரிவு. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிலம் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே மூன்று பக்கம் மண் கரை போட்டு, தண்ணீர் வரும் பக்கத்தை மட்டும் திறந்து விட்டால் அது கண்மாய். வரத்துக்கால் வழியே வந்த நீர் உள்வாயில் பரவி நிற்கும். மடையைத் திறந்தால் ஆயக்கட்டு வயலுக்குப் பாயும். நிறைந்துவிட்டால் கலுங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். குடிநீருக்குத் தனியாக ஊரணி; அதில் கால் நனைக்கக்கூடப் பல ஊர்களில் விடமாட்டார்கள். கரைமேல் ஐயனார் இருப்பார். ஊர் மேட்டில் இருக்கும். சாலை எங்கே என்றால், பல ஊர்களில் கண்மாய்க் கரையேதான் சாலை. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்பது அதன் பெருமை. அந்த மடைகள் ஒவ்வொன்றின் கீழும் வயல், வயலை ஒட்டி ஊர். அந்த ஊர்கள் எங்கே அமைய வேண்டும் என்பதைச் சாலை தீர்மானிக்கவில்லை, மடைதான் தீர்மானித்தது.

இந்தக் கரையைத் திரையில் கட்ட முயன்றால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். விளையாட்டின் நிலம் 'ஹைட்மேப்' என்ற சாம்பல்நிறப் படத்திலிருந்து பிறக்கிறது. வெளுப்பு மேடு, கறுப்பு பள்ளம். முதல் பாகத்தில் இந்தப் படம் பக்கத்துக்கு 1,081 புள்ளி, அது 17.28 கி.மீ. சதுர நிலத்தின்மேல் விரிகிறது. அதாவது 16 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளியை மட்டும் 3 மீட்டர் உயர்த்தினால், அந்த மேடு இரண்டு பக்கமும் 16 மீட்டர் தூரம் சரிந்து போய்த்தான் தரையைத் தொடும். மாட்டுவண்டி ஒன்று போகும் அகலத்தில் நெஞ்சு நிமிர்ந்து நிற்க வேண்டிய கரை, அடியில் 32 மீட்டர் பரந்த சோம்பல் மேடாகிவிடும். அதைக் கரை என்று எந்தச் சம்சாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆற்றங்கரைக்கென்று விளையாட்டில் இருக்கும் கல்சுவரைக் கொண்டுவந்து வளைத்து மறைக்கலாம். கிட்டப் போனால் துறைமுகம் போலிருக்கும். இரண்டாம் பாகத்தில் படம் பக்கத்துக்கு 4,096 புள்ளி, நிலம் சுமார் 14.3 கி.மீ.; மூன்றரை மீட்டருக்கு ஒரு புள்ளி. அதே 3 மீட்டர்க் கரை இப்போது 7 மீட்டர் அடியில் நின்றுவிடும். கண்மாய் கட்டுகிறவருக்கு இரண்டு பாகங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். புதிய கட்டடங்கள், புதிய ஒளியமைப்பு என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

உண்மையான நிலத்தின் உயரத்தையே எடுத்துப் போட்டால் வேலை சுலபமாகாதா என்று கேட்கலாம். மலைநாட்டுக்கு ஆகும்; கொடைக்கானலைச் செய்கிறவருக்கு அது வரம். பலர் பயன்படுத்துவது 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் வைத்து அளந்த தரவு. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் சில மீட்டர் பிசகு சகஜம். அடர்ந்த மரத்தின் தலையையும் நிலத்தோடு சேர்த்து எண்ணிவிடும். இரண்டாயிரம் மீட்டர் மலையில் இந்தப் பிசகு தெரியாது. இராமநாதபுரத்திலோ பிசகே கரையைவிட உயரம். தரவை அப்படியே இறக்கினால் கண்மாய் இருந்த இடத்தில் கரப்பான் பூச்சி அரித்த அட்டைதான் மிஞ்சும்.

சரி, கரை நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்? விளையாட்டில் ஆறு எங்கிருந்தும் வருவதில்லை. வரைபடம் செய்தவர் ஓரிடத்தில் ஊற்று ஒன்றை வைத்து, இந்த மட்டத்துக்கு நீர் வரட்டும் என்று எண் கொடுத்திருப்பார். ஆடியிலும் அதே எண், ஐப்பசியிலும் அதே எண். நீரின் ஓட்டத்தைக் கணக்கிடும் விதம் அருமையானது, அதைக் குறை சொல்லமாட்டேன். மேட்டில் ஏறாது, பள்ளத்தில் தேங்கும், அணை கட்டினால் பின்னால் நிரம்பும். மின்சாரம் எடுக்கும் அணையும் உண்டு. ஆனால் திறந்து மூடும் மடை இல்லை. கண்மாயை அச்சாகக் கட்டி முடித்தாலும் அது என்றைக்கும் நிறைந்தே நிற்கும் ஏரி. மூட வேண்டிய மடையும் இல்லை, திறக்கச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் சண்டை போடவும் ஆள் இல்லை.

இங்கே ஆண்டு மழையே ஏறக்குறைய 800 மி.மீ.தான். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போவது. அதனால் நாற்றங்கால், நடவு என்ற தஞ்சாவூர் முறை இங்கே எடுபடாது. காய்ந்த மண்ணை உழுது புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். மழை வந்தால் முளைக்கும், கண்மாய் பெருகினால் கதிர் பிடிக்கும். இல்லையென்றால் மாட்டுக்காவது ஆகும். மிளகாய் இன்னொரு கை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மண்ணின் விளைச்சல். வைகையும் நேராகக் கடலுக்குப் போவதில்லை; இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கி, மிஞ்சினால்தான் ஆற்றங்கரை பக்கம் பாக் நீரிணையைப் பார்க்கிறது. ஓர் ஊரை ஆண்டில் மூன்று முறை படம் எடுத்தால் மூன்று வெவ்வேறு ஊர் தெரியும். மாசியில் பச்சை. வைகாசியில் உள்வாய் வெடித்து, ஆடு மேயும் கட்டாந்தரை. கார்த்திகையில் கரைதொட்ட நீர், நடுவில் நாட்டுக்கருவேல மரங்களின் தலை, அதில் கூடு கட்டும் நாரையும் கொக்கும். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் சரணாலயங்கள் 2022-இலும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025-இலும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நான்குமே கண்மாய்கள், இயற்கை ஏரி ஒன்றுகூட இல்லை. திரைக் கிராமமோ எந்தப் பருவத்தில் எடுத்தாலும் ஒரே முகம். இரண்டாம் பாகத்தில் பருவங்கள் உண்டுதான், பனி பெய்யும், இலை நிறம் மாறும். அது விளையாட்டைச் செய்தவர்களின் ஊரான தாம்பரேயின் பருவம்.

மரக் கணக்கில் ஒரு வேடிக்கை. முதல் பாகத்தில் மொத்தம் 2,62,144 மரங்கள்தான் நடலாம். அந்த வரம்பைத் தாண்டத் தனி மோட் வேண்டும். விளையாட்டில் நாம் வாங்கும் ஒரு நிலத்துண்டு என்பது 1.92 கி.மீ. சதுரம், ஏறக்குறைய 369 ஹெக்டேர். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் போலக் காட்ட, 4 மீட்டருக்கு ஒரு மரம் என்று நட்டால் ஹெக்டேருக்கு 625. ஒரே துண்டுக்கு 2,30,400. மொத்த வரம்பில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு ஒரு துண்டிலேயே காலி. விறகுக்கென்று கொண்டுவந்து பரப்பிய மரம் நிலத்தைத் தின்றது போலவே விளையாட்டின் நினைவகத்தையும் தின்றுவிடும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை எந்தப் பாகத்திலும் காட்ட வழியில்லை. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கர், இரண்டரைத் துண்டுக்கும் மேல். விளையாட்டில் சூரிய மின்நிலையம் ஒற்றைக் கட்டடமாக வந்து உட்கார்ந்துவிடும்.

கடற்கரைக்கு வந்தால் திரைக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது. வாலிநோக்கத்து உப்பளம் சமதளம், நேர்கோடு, சதுரப் பாத்தி. கட்டத்தில் சிந்திக்கும் விளையாட்டுக்கு இதைவிடத் தோதான நிலம் இந்த மாவட்டத்தில் இல்லை. பாம்பன் பாலமும் அப்படித்தான். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமோ, 72.5 மீட்டர் தூக்குப் பகுதியோடு 2025 ஏப்ரலில் திறந்த புதியதோ, 1988-இன் சாலைப் பாலமோ, மூன்றையும் பக்கம் பக்கமாக அழகாக நிறுத்திவிடலாம். தீவு முழுவதும்தான் அடங்காது. பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரையிலான தூரம் முதல் பாகத்தின் 17.28 கி.மீ.-ஐத் தாண்டிவிடும், இரண்டாம் பாகத்தின் நிலம் அதைவிடக் குறுகல். நுனியை வெட்ட வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும்.

அந்த நுனியில்தான் தனுஷ்கோடி. 2016-இல் வந்த 'நேச்சுரல் டிசாஸ்டர்ஸ்' இணைப்பில் ஆழிப்பேரலை உண்டு, சூறைக்காற்று உண்டு, விண்கல்கூட உண்டு. அலை அடித்துப் போனபின் இடிந்த இடத்தை அகற்றிவிட்டு மறுபடி கட்டத் தொடங்கலாம். பணம் இருந்தால் போதும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அடித்த புயல் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. மாதா கோயிலின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்க, அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்ததே 2017-இல்தான். இடிபாடு கட்டுவதில் கிராமக் கலைஞர்கள் கெட்டிக்காரர்கள். தனுஷ்கோடியைத் தத்ரூபமாக நிறுத்திவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே இன்னும் வலை போடும் குடும்பங்கள் இருப்பதை நினைவில் வைப்பார்களா என்பதில்தான் சந்தேகம்.

என் தீர்ப்பு விளையாட்டுக்கு எதிரானதல்ல. பார்வைக்கு நாட்டுப்புறத்தை நிறுத்துவதில் அதற்கு இணை இல்லை. அதன் குறை பராமரிப்பு இல்லாததுதான். ஒருமுறை வைத்த வேலி சாயாது, கரை உடையாது, உள்வாய் தூர்வதில்லை. இராமநாதபுரத்தின் கண்மாய்களோ ஆண்டுதோறும் மண்வெட்டி கேட்பவை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே இறங்கித் தூர் வாரிய குடிமராமத்து நின்றதும் கண்மாய் மேடேறியது, மேடேறியதும் சீமைக்கருவேலம் உள்ளே வந்தது. 2017-இல் அதே பெயரில் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கட்டியதைவிடக் காத்ததுதான் இந்தச் சீமையின் பெரிய வேலை. விளையாட்டில் அதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை.

இராமநாதபுரத்தைத் திரையில் கட்ட நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இவ்வளவே. உப்பளம், பாம்பன், தனுஷ்கோடி போதுமென்றால் முதல் பாகமே போதும், மோட்களும் அதில்தான் அதிகம். கண்மாய் வேண்டுமென்றால் இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். செயற்கைக்கோள் தரவை நம்பாமல் வெற்றுச் சரிவு ஒன்றை எடுத்துக் கையாலேயே கரை போடுங்கள். அதற்கென்று வெளியான பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியக் கட்டடத் தொகுப்புகளில் நம் ஓட்டு வீட்டைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்று நீங்களே செய்துகொள்ளுங்கள். ஊற்றைக் கண்மாய் பாதி நிரம்பியதும் அகற்றிவிடுங்கள், அப்போதுதான் உள்வாயில் கொஞ்சம் தரை தெரியும். சாலையைக் கடைசியில் போடுங்கள்.