மலையிறக்கமும் பிரேக்கும்

மலைப்பாதையில் ஏறுவது கடினமா, இறங்குவது கடினமா என்று வண்டியோட்டுபவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். இறங்குவதே கடினம் என்று தயங்காமல் விடை சொல்வார். ஏற்றத்தில் வலிமை குறைந்த வண்டி நின்றுவிடும்; அவ்வளவுதான். இறக்கத்தில் வலிமை குறைந்த பிரேக்கோ நிற்கவே மாட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் வாழும் தமிழர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. போடியிலிருந்து தேவிகுளத்திற்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும், உடுமலையிலிருந்து மூணாற்றிற்கும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியவர்கள் அவர்கள். பொங்கலுக்கும் திருவிழாவிற்கும் வெளிமாநிலத்திலிருந்து சொந்த ஊர் திரும்பும் நம்மவர் பலர், இன்று சொந்தக் காரிலேயே அப்பாதைகளைக் கடக்கிறார்கள். ஆகவே பிரேக்கின் வரலாற்றையும், அன்றாட ஓட்டத்திற்கு ஏற்ற பிரேக்கைத் தெரிந்தெடுக்கும் முறையையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

பாலைக்காட்டிற்கும் இடுக்கிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நீண்டு கிடக்கும் மலைச்சுவரில் இயற்கை திறந்து வைத்த வாயில் பாலைக்காட்டுக் கணவாய். அங்கே சாலை மலையேறுவதில்லை. சென்னையிலிருந்து மேற்கே சென்ற இருப்புப்பாதை 1862-ஆம் ஆண்டிலேயே பேப்பூர்க் கடற்கரையை எட்டியதற்கு இக்கணவாயே துணை. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாக லாரிகள் சமவெளியில் ஓடுவதுபோலவே கேரளத்திற்குள் நுழைகின்றன. இடுக்கியின் கதை வேறு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடி மெட்டுக்குச் செல்லும் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. முன்னதில் பிரேக்கின் வேலை வேகத்தை அடக்குவது. பின்னதில் அதன் வேலை எடையைத் தாங்குவது.

இறக்கத்தை எண்ணி முன்னேற்பாடு செய்யும் வழக்கம் நம்மிடம் மிகப் பழைமையானது. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று கருதி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு காட்டுகிறது. பிற்காலத்து மாட்டுவண்டியில் சக்கரத்தின்மேல் அழுந்தும் மரக்கட்டையே பிரேக்காக விளங்கியது. நின்ற வண்டி உருண்டுவிடாதபடி சக்கரத்தின் அருகே வைத்த கட்டைதான் முட்டுக்கட்டை. இன்று அச்சொல்லைத் தடை, இடையூறு என்னும் பொருளில் வெறுப்போடு வழங்குகிறோம். சரிவில் வண்டி நிறுத்தியவனுக்கோ அது உயிர்க்காவலாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலைகளின்மீது பெருஞ்சுமைகள் ஏறத் தொடங்கின. 1887-இல் தொடங்கி 1895-இல் நிறைவெய்திய பெரியாற்று அணைக்கு வேண்டிய பொருள்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பக்கமிருந்தே மலையேறின. மூணாற்றிலோ சிக்கல் மறுதலையாக இருந்தது. அங்கே விளைந்த தேயிலையைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியை அமைத்தனர். 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. அது டாப் ஸ்டேஷன் வரையில்தான் வந்தது. அங்கிருந்து குரங்கணிப் பக்கத்து அடிவாரத்திற்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியே இறங்கின. அச்சரிவில் சக்கரத்தை நம்பிச் சுமையை இறக்குவதைவிடக் கம்பிவடத்தை நம்புவதே மேல் என்று அக்காலத்தார் கருதியது நினைவில் கொள்ளத்தக்கது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்துவிட்டது. அதன்பின் மலையின் சுமை மெல்ல மெல்ல மோட்டார் வண்டியின் பொறுப்பாயிற்று.

மோட்டார் வண்டியின் பிரேக்கோ எளிய தொடக்கம் உடையது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார் தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் இரு மக்களுடன் மன்னைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை பயணம் செய்தார். இறக்கங்களில் மரத்தடை தேய்ந்து பிடிப்பை இழக்கவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று கட்டையின்மேல் தோல் பதிக்கச் செய்தார். பிரேக் லைனிங் என்று நாம் இன்று வழங்குவதன் பிறப்பு அதுவே எனலாம். அடுத்த பத்தாண்டுகளுக்குள் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், குதிரைவண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ்களின் தோலைத் தடைக்கட்டையில் பதித்து இறங்குவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கண்டார். அதைவிடச் சிறந்த உராய்வுப் பொருளைச் செய்ய முயன்று, 1897-இல் அதனையே தம் தொழிலாக்கிக் கொண்டார். ஆக, நல்ல பிரேக்கின் தேவையை உலகிற்கு முதலில் உணர்த்தியது மலையிறக்கமே.

தோலும் பருத்தியும் சூட்டில் கருகின. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் அவற்றின் இடத்தைப் பிடித்தது. சூட்டைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் பிறப்பித்த ஆணையின்படி 2005 முதல் அங்கே அதன் பயன் முற்றிலும் விலக்கப்பட்டது. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, காற்றால் ஊதித் தூசியைப் பறக்கவிட்ட பழைய வழக்கம் எத்துணைத் தீங்கானது என்பதை இப்போது உணர்கிறோம்.

பிரேக்கின் அமைப்பும் மாறியது. பிரெஞ்சு நாட்டு லூயி ரெனோ 1902-இல் டிரம் பிரேக்கை அமைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். முன்னது விரைவில் உலகெங்கும் பரவியது. பின்னது அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதனைப் பெரிதும் மதிக்கத் தொடங்கிற்று. நம் நாட்டில் அம்பாசிடரும் மலைத்தோட்டங்களின் ஜீப்பும் நெடுங்காலம் டிரம் பிரேக்கைக் கொண்டே ஓடின. டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகுகிறது. மிதி தாழ்ந்துகொண்டே போகும். டிஸ்க்கோ திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் குளிர்கிறது. மலைச்சாலைக்கு அது உகந்ததானதன் காரணம் இதுவே.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கும் சிறிதன்று. 1962-இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும், 1964-இல் ரானே பிரேக் லைனிங் நிறுவனமும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனமும் தோன்றின. வெளிமாநிலப் பட்டறை ஒன்றில் நம் காருக்கு மாட்டும் பிரேக் பேட் சென்னையிலிருந்து வந்ததாக இருக்கக் கூடும்.

இனி, இக்காலத்து வினாவுக்கு வருவோம். வண்டியுடன் வந்த பேட் தேய்ந்துவிட்டது. கடைக்காரர் உயர்ந்த வகை என்று சொல்லி ஒன்றை நீட்டுகிறார். வாங்கலாமா? இதற்கு விடை காண ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆட்களுடன் 1,200 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வாளையாற்றுச் சாலையில் செல்கிறது. அதனை ஒருமுறை நிறுத்தும்போது பிரேக்குகளில் ஏறக்குறைய 3 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது. அதே கார் போடி மெட்டிலிருந்து 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஒரு கோடியே 18 லட்சம் ஜூல். அதாவது அவ்வாறு நாற்பது முறை நிறுத்துவதற்குச் சமம். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வெப்பம் போதும். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சினை ஏற்கவிடாமல் நியூட்ரலில் இறங்குபவர், ஏறக்குறைய முழுச்சுமையையும் கையகலப் பேட்டுகளின்மேல் ஏற்றுகிறார். பெட்ரோலில் சில காசு மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைப்பது அது.

பேட்டுகளில் பல வகை உண்டு. நாரும் பிசினும் கலந்த மென்மையான வகை ஓசையின்றி, குளிர்ந்த நிலையிலும் நன்றாகப் பிடிக்கும். ஆயின் மிகுந்த சூட்டில் பிசினிலிருந்து ஆவி எழுந்து பிடிப்புக் குறையும். உலோகத்தூள் மிகுதியாகக் கலந்த வகை சூட்டைத் தாங்கும். சிறிது ஓசை எழும், டிஸ்க்கும் விரைந்து தேயும். செராமிக் வகை தூசியும் ஓசையும் குறைந்தது, விலை மிகுந்தது. இவற்றையெல்லாம் கடந்தது பந்தய வகை. அது சூடேறிய பின்னரே நன்றாகப் பிடிக்கும். காலை வேளையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போது அது குளிர்ந்தே இருக்கும். அன்றாடச் சாலைக்கு அது உயர்வன்று, தாழ்வே. பல பேட்டுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது இயல்பான சூட்டிலும், இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள பிடிப்பைக் குறிக்கும். ஈ எழுத்து 0.25 முதல் 0.35 வரையும், எஃப் 0.35 முதல் 0.45 வரையும், ஜி 0.45 முதல் 0.55 வரையும் உராய்வெண்ணைக் காட்டும். இரண்டும் எஃப் ஆக இருப்பது அன்றாட ஓட்டத்திற்குச் செம்மையானது. முதல் எழுத்தைவிட இரண்டாவது தாழ்ந்திருந்தால், மலையில் அது கைவிடும் இயல்பினது என்று அறிக.

ஆகவே கணவாய்ச் சாலையிலும் நகரத்திலும் ஓட்டுபவருக்கு, வண்டி செய்தவர் குறித்த பேட்டே போதும். மாதந்தோறும் மலையேறி இறங்குபவர், சாலைக்கென்றே செய்த, சூடு தாங்கும் வகையை நாடலாம். எதனை வாங்கினும் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருசேர மாற்ற வேண்டும். புதிய பேட் டிஸ்க்கோடு படியும்வரை சில நூறு கிலோமீட்டர் மெதுவாகப் பழக்க வேண்டும். வழக்கத்திற்கு மாறான மலிவில் கிடைப்பது போலியாக இருக்கலாம்.

பேட்டை மாற்றிவிட்டு மற்றவற்றை மறப்பதும் பிழை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும்; மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எத்துணை உயர்ந்த பேட்டும் அப்போது உதவாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது, விலையுயர்ந்த பேட்டைவிட மிகுந்த காவல். டயரும் அவ்வாறே. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது சாலையைப் பற்றும் டயர். தேய்ந்த டயரோடு தென்மேற்குப் பருவமழையில் குமுளி இறங்குபவருக்குப் புதிய பேட் என்ன செய்யும்?

நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். என்னும் சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்புக் கட்டாயமாயிற்று. வழுக்கும் சாலையில் திருப்பும் ஆற்றலை அது காக்கிறது. சூடேறிய பிரேக்கைக் குளிர்விக்க அதனாலும் ஆகாது.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலைக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளம், பீருமேடு பகுதிகளும் கேரளத்தில் சேர்ந்தன. எல்லைக்கோடு வந்ததே ஒழிய, பாதைகளில் போக்குவரத்து நிற்கவில்லை. இன்றும் விடியற்காலையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப்பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. மாலையில் அவர்களை இறக்கிக் கொண்டுவருகின்றன. அளவுக்கு மேல் ஆளேற்றினால் எடை ஒன்றரை மடங்காகும். பிரேக் தாங்கவேண்டிய வெப்பமும் ஒன்றரை மடங்காகும். பேட்டைத் தெரிந்தெடுக்கும் உரிமை வண்டிக்காரருடையது. அதன் விளைவோ பின்னால் நெருக்கியமர்ந்திருக்கும் அத்தாய்மாருடையது. தோட்ட உரிமையாளரும் வண்டியுரிமையாளரும் இதனை மறத்தல் ஆகாது.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பழைய விதி. மேலேறி வருபவருக்கு வழிவிடு என்பது மற்றொன்று. பிரேக்கை விடாது அழுத்திக் கொண்டிராமல், அழுத்தி விட்டு, அது குளிர இடம் கொடு என்பது மூன்றாவது. கருகிய நாற்றம் வந்தால் வண்டியை ஓரத்தில் நிறுத்தி அரைமணி நேரம் இளைப்பாறுவதில் இழப்பொன்றும் இல்லை. உமணர் அச்சைக் கட்டிச் சென்றது அது முறியும் என்று அஞ்சியன்று. முறிந்தாலும் ஊர் சேரவேண்டும் என்று கருதியே. நாமும் ஊருக்குப் புறப்படும் முன் பிரேக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக. வழிபார்த்து நிற்பவர்கள் நம் வேகத்தை எதிர்நோக்கவில்லை; நாம் நலமாக வந்து சேர்வதையே எதிர்நோக்குகிறார்கள்.