ஆயின்: ஓசை மறைந்தும் வாழும் எழுத்து

சென்னையில் லாயிட்ஸ் சாலை என முன்னர் வழங்கிய அவ்வை சண்முகம் சாலையில் யூதரின் சிறு கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்நகரில் வைரமும் பவளமும் வாணிபம் செய்த போர்த்துக்கேய யூதரின் நினைவுக் கற்கள் பலமுறை இடம் பெயர்ந்து, 1983இல் இங்கு வந்து சேர்ந்தன. எபிரேய எழுத்துகள் பொறித்த கற்கள் அவை. எபிரேயம் கற்ற இறையியல் மாணவர் அவ்வெழுத்துகளை அடையாளங் காண்பர். ஆயினும் எழுதிய வடிவம் நிலைத்திருக்க, ஒலி நாட்டுக்கு நாடு வேறுபட்டதை அவர் உணர்தல் வேண்டும். இதற்கு ‘ஆயின்’ என்னும் எழுத்தே சிறந்த சான்று.

நம் திருமறையில் 119ஆம் சங்கீதத்தின் 121ஆம் வசனத்திற்கு மேல் இவ்வெழுத்தின் பெயரைக் காண்கிறோம். அச்சங்கீதம் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளையும் வரிசையாகக் கொண்டு, எழுத்துக்கு எட்டு வசனங்களாக அமைந்தது. அகரவரிசையில் அமைந்த ஆத்திசூடியைப் பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று.

‘ஆயின்’ என்பதற்குக் கண் என்பது பொருள். இதன் தொன்மையான வடிவம் கண்ணின் உருவமே. பின்னர் வட்டமாகி, கிரேக்கரிடம் ‘ஓ’ என்னும் உயிரெழுத்தாயிற்று. 123ஆம் வசனம் எபிரேயத்தில் ‘என் கண்கள்’ என்னும் சொல்லாலேயே தொடங்குகிறது. இச்சொல் நீரூற்றையும் குறிக்கும். என்கேதி என்னும் ஊர்ப்பெயரின் முதற்பகுதி அதுவே. ‘ஊற்றுக்கண்’ என வழங்கும் தமிழர்க்கு இவ்விரு பொருளின் உறவை விளக்க வேண்டுவதில்லை.

ஒலியோ எளிதன்று. மிடற்றின் உட்பகுதியை நெருக்கி, குரலோடு எழுப்பும் மெய்யொலி இது. தமிழில் இதற்கு நிகரில்லை. அரபு மறை ஓதுவோரிடம் இன்றும் கேட்கலாம். பண்டை எபிரேயத்தில் இவ்வொரே எழுத்து இரண்டு ஒலிகளைக் குறித்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் அவற்றுள் ஒன்றைக் ககர இனத்து எழுத்தால் எழுதினர். மற்றதை எழுதாது விட்டனர். ஆகவேதான் ஆயினில் தொடங்கும் பெயர்களுள் சில காசா, கொமோரா என்றும், வேறு சில ஏசா, ஏலி, ஆமோஸ் என்றும் நம்மிடம் வந்துள்ளன. வேப்பேரியில் உழைத்த பெப்ரிசியஸ் (1711–1791) முதல், 1871இல் திருத்தம் வெளியிட்ட பவர் ஐயர் குழுவினர் வரை, நம் மொழிபெயர்ப்பாளர் இல்லாத ஒலிக்குப் புதிய எழுத்தை ஆக்கவில்லை.

யூதரிடையேயும் இவ்வொலி தேய்ந்தது. பெத்செயான் முதலிய ஊரார் ஆலெப்பையும் ஆயினையும் மாற்றி ஒலிப்பதால், சபையின் முன் ஜெபம் நடத்த அவர்களை நிறுத்தலாகாது எனத் தல்மூத் விதிக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதரிடம் இவ்வெழுத்து ஓசையற்றதாயிற்று. மேலை ஐரோப்பாவின் போர்த்துக்கேய யூதர் சபைகளில் நம் ஙகரத்தை ஒத்த மூக்கொலியாயிற்று. ஏமன் நாட்டு யூதரோ பழைய ஒலியைக் காத்தனர்.

ஓர் ஒலி மாறுவதால் வரும் கேடு யாது? உபாகமம் 6:4இல் ‘கேள்’ எனப் பொருள்படும் ‘ஷெமா’ ஆயினில் முடிகிறது. அதனை ஆலெப்பாகக் கொண்டால் ‘ஒருவேளை’ என்னும் ஐயச்சொல்லாகிவிடும். இஸ்ரவேலின் விசுவாச அறிக்கை ஐயமாய்த் திரியாதிருக்கவே மறையெழுத்தர் அங்கு ஆயினைப் பெரிதாக எழுதினர் என்பது யூத ஆசிரியர் சிலரின் விளக்கம். அவ்வசனத்தின் இறுதி எழுத்தாகிய டாலெத்தும் பெரிது. இரண்டையும் சேர்த்தால் ‘சாட்சி’ என்னும் சொல் பிறக்கும்.

நாவு இழந்ததைக் கண் காத்தது. மூலமொழியை வருந்திக் கற்பது வீண் என்பாருக்கு இவ்வெழுத்தே விடையாகும். ‘கேள்’ என்பதற்கும் ‘ஒருவேளை’ என்பதற்கும் இடையே நிற்பது ஒரே எழுத்து. அதனைக் காணாது விடுகிறவர் பிரசங்க பீடத்தில் எதை அறிவிப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்போமாக.