ஒளித்து வைத்த நாட்குறிப்பு



வளர்ந்து வரும் பிள்ளை வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டால், "முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்" என்று நாம் கடிந்துகொள்கிறோம். அப்படிப்பட்ட ஒரு பையனின் மனத்தைத் திறந்து காட்டி, ஆங்கில நாட்டையே சிரிக்க வைத்த நாவலின் வரலாற்றை இன்று காண்போம்.

அதை எழுதியவர் சூ டவுன்சென்ட். 1946-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தபால்காரர். 15 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். இளவயதிலேயே மூன்று பிள்ளைகளோடு தனித்து நின்றார். பிள்ளைகள் உறங்கிய பிறகு எழுதுவார். எழுதியதை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைப்பார். முப்பது வயதைக் கடந்த பின்னரே உள்ளூர் நாடக அரங்கின் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார்.

அவர் படைத்த பையன் நாடெங்கும் முதலில் அறியப்பட்டது வானொலி வழியாகத்தான். 1982 ஜனவரியில் பி.பி.சி. அவனுடைய நாட்குறிப்பை ஒலிபரப்பியது. அப்போது அவன் பெயர் நைஜல் மோல். அதே ஆண்டு அக்டோபரில் நூல் வெளிவந்தபோது ஏட்ரியன் மோல் ஆனான். வயது பதின்மூன்றே முக்கால்!

அந்த முக்காலிலேயே சிரிப்புத் தொடங்கிவிடுகிறது. தன்னைப் பேரறிவாளன் என்று நம்புகிறான். முகத்தில் ஒரு பரு வந்தால் உலகமே கவிழ்ந்ததுபோல் எழுதுகிறான். தன் கவிதைகளை பி.பி.சி.க்கு அனுப்புகிறான்.

வீட்டு நிலைமையோ வேறு. தாய் அண்டை வீட்டுக்காரரோடு போய்விடுகிறாள். தந்தைக்கு வேலை போகிறது. பிரிட்டனில் வேலையற்றோர் 30 லட்சத்தைத் தாண்டியிருந்த காலம் அது. பள்ளியில் ஒரு முரட்டு மாணவன் அவனை மிரட்டிக் காசு பறிக்கிறான். பாட்டிதான் நேரே போய் அதை மீட்டு வருகிறாள்.

இத்தனையையும் பையன் பார்க்கிறான். ஒன்று விடாமல் எழுதுகிறான். பாதி அவனுக்கே விளங்கவில்லை. படிக்கிற நமக்கு விளங்குகிறது. சிரிப்பதும் அதனால்தான்; நெஞ்சு கனப்பதும் அதனால்தான்.

டவுன்சென்ட் 2014-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பாடம் நம் தோட்டத்து வீடுகளுக்கும் உரியது. ஆசிரியர்களாகிய நாம் கட்டுரை நோட்டைத் திருத்தும்போது எழுத்துப் பிழையை வட்டமிடுகிறோம். "அப்பா நேற்றும் வீட்டுக்கு வரவில்லை" என்ற வரியில் பிழை இல்லையென்று அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறோம். பெற்றோரும் பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம்.

இன்றிரவு அவன் பக்கத்தில் சற்று உட்காருவோம். அவனாகப் பேசும்வரை பொறுத்திருப்போம்.