தீவகத்துத் தண்ணீர் – 9: இரண்டரை மைல் வாய்க்கால்

நெடுந்தீவில் கோடை முற்றிய நாட்களில் கிணற்றில் வாளியை மெல்ல இறக்க வேண்டும். மேலாக முகந்தால் நன்னீர். ஆழத்தில் இறக்கி விறுவிறுவென்று இறைத்தால் சவர். சாராப்பிட்டியின் பழைய கட்டுக்கிணறுகள் தீவின் உயிர்நாடியானதற்குக் காரணம், அங்கே நன்னீர் கொஞ்சம் தாராளமாக ஊறுவதுதான்.

நெடுந்தீவுக்கு ஆறு இல்லை. ஊர்காவற்றுறைக்கும் நயினாதீவுக்கும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும் மழைதான் ஆண்டு முழுமைக்கும் முதல். அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடலிலிருந்து கசிந்து வந்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும். மேலே அந்த ஓரடி இறங்கிவிட்டால், கீழிருந்து உப்பு ஏறிவிடும்.

தீவைச் சூழ்ந்த கடலை யாராலும் நன்னீராக்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் உள்ளே கிடக்கும் கடல்நீரேரிகளை ஆக்கலாமே? 1954இல் இந்த எண்ணத்தை முழுத் திட்டமாக வரைந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அது பேர் பெற்றது.

வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்றின் வெள்ளம் ஆனையிறவு ஏரியில் விழுந்து, சுண்டிக்குளம் வழியே வீணே கடலுக்குப் போகிறது. மேற்கே ஆனையிறவிலும் கிழக்கே சுண்டிக்குளத்திலும் கரை கட்டி அதை மறிக்க வேண்டும். முள்ளியானில் இரண்டரை மைல் வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்கும், அங்கிருந்து உப்பாற்று ஏரிக்கும் விட வேண்டும். தொண்டமனாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் கடலைத் தடுக்கும். ஏரிகள் இனித்தால் கரையோரக் கிணறுகளும் இனிக்கும். குடாநாட்டில் நீர் மிஞ்சினால்தான் தீவகத்துக்குப் பங்கு வரும்.

1960களில் வேலை தொடங்கியது. சுண்டிக்குளத்தில் கரை எழுந்தது. பிறகு வெள்ளம் வந்து அதை உடைத்தது. பணமும் வற்றியது. முள்ளியான் வாய்க்கால் முடிவுறாமலே நின்றது. அதன்பின் போர் வந்தது. அந்த இரண்டரை மைலை வெட்டி முடிக்காதது நம் தலைமுறைகள் செய்த பெரும் பிழை என்றே சொல்வேன்.

தீவுப் பெண்கள் குடங்களோடு தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றார்கள். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு புதிய திட்டம் ஒன்று வந்தது: கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்திலிருந்தே யாழ்ப்பாணத்துக்குக் குழாய். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத குளம் அது என்பது அவர்கள் வாதம். ஒரு கரையில் வயலின் தாகம், மறுகரையில் வாயின் தாகம். இரண்டும் நியாயம்.

அந்தச் சிக்கல் கடைசியில் வடமராட்சி கிழக்கில், தாளையடிக் கடற்கரையில் போய் அவிழ்ந்தது. இத்தனை காலம் பகையாக நின்ற அதே உப்புக்கடலில் குடிநீர் எடுக்கத் துணிந்தது எப்படி? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)